ஏழாம் உலகம்: உருப்படிக் கணக்கின் நாவல்

‘இருண்ட, படிப்பவரை நிலைகுலையச் செய்கிற, துணிந்து எழுதப்பட்ட நாவல் ஒன்றைச் சொல்லுங்கள், ஆனால் அதிர்ச்சி தருவது மட்டுமே அதன் வேலையாக இருக்கக் கூடாது, சமூகத்தைப் பற்றி ஆழமாக ஏதாவது சொல்ல வேண்டும்’ என்று கேட்டிருக்கிறீர்கள். இப்படிக் கேட்பவர்களுக்குப் பத்துப் புத்தகங்களை வரிசையாக எழுதிக் கொடுப்பது எளிது. பத்தில் எட்டை யாரும் வாங்க மாட்டார்கள், வாங்கிய இரண்டும் அலமாரியில் தூசி படியும். ஆகவே ஒரே ஒரு நாவலைச் சொல்கிறேன், அதை ஏன் சொல்கிறேன் என்பதை விரிவாகச் சொல்கிறேன். ஜெயமோகன் எழுதி 2003ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஏழாம் உலகம்’.

குமரி மாவட்டத்தில் வாழும் போத்திவேலு பண்டாரம் என்பவருக்கு மனைவி உண்டு, மூன்று பெண் மக்கள் உண்டு, முருகன் மேல் பக்தி உண்டு, ஊரில் ஓரளவு மரியாதையும் உண்டு. அவருடைய தொழில் என்னவென்றால், கை கால் இல்லாதவர்கள், உடல் திருகிப் பிறந்தவர்கள், மனம் பிறழ்ந்தவர்கள் ஆகியோரை விலைக்கு வாங்கி, கோவில் வாசல்களில் உட்கார வைத்துப் பிச்சை எடுக்க வைப்பது. விழாக் காலங்களில் அவர்களை வண்டியில் ஏற்றிப் பழனிக்குக் கொண்டுபோவார். தட்டில் விழும் காசு முழுவதும் அவருக்கு, அவர்களுக்குச் சோறு. தேவைப்படும்போது அவர்களில் ஒருவரை விற்பார், விலை படிந்தால் வேறொருவரை வாங்குவார். நாவல் இந்த மனிதரின் வீட்டுக்கும் அவருடைய தொழுவத்துக்கும் இடையே மாறி மாறி நடந்துபோகிறது. தொழுவம் என்பது என்னுடைய சொல்தான். ஆனால் படித்தால் நீங்களும் அதைத்தான் சொல்வீர்கள்.

அவர்களைப் பண்டாரமும் அவருடைய ஆட்களும் மனிதர்கள் என்றோ, பிச்சைக்காரர்கள் என்றோகூடக் குறிப்பிடுவதில்லை. ‘உருப்படி’ என்கிறார்கள். இந்த ஒரு சொல்லில்தான் நாவலின் முழு வேலையும் நடக்கிறது என்பது என் துணிபு. சலவைக்குப் போடும் துணியை நாம் உருப்படி என்று எண்ணுகிறோம். ரயிலில் ஏறும்போது பெட்டிகளை எத்தனை உருப்படி என்று கேட்டுச் சரிபார்க்கிறோம். கச்சேரியில் பாடகர் பாடும் கீர்த்தனைக்கும் உருப்படி என்றுதான் பெயர். ஒருவன் நன்றாக வந்தால் உருப்பட்டான் என்போம், கெட்டுப்போனால் உருப்படாதவன் என்போம். உரு என்றால் வடிவம். வடிவம் சிதைந்து பிறந்ததாலேயே வீட்டாரால் கைவிடப்பட்டவர்கள், அந்தச் சிதைவாலேயே விலை பெற்று உருப்படிகள் ஆகிறார்கள். முழு உடலோடு இருக்கும் பிச்சைக்காரனுக்குச் சந்தையில் மதிப்பு இல்லை, அவனைப் பார்த்து யார் இரங்குவார்? குறை எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு விலை கூடும். இந்தச் சொல்லை நாவல் எங்கும் விளக்குவதில்லை, அடிக்கோடும் இடுவதில்லை. முதல் சில பக்கங்களில் அது காதில் உறுத்தும். நூறு பக்கம் போனபிறகு உங்களுக்கே அது பழகிவிடும். ‘அந்த உருப்படியை இப்போது விற்றால் கல்யாணச் செலவுக்கு ஆகுமா’ என்று பண்டாரத்தோடு சேர்ந்து நீங்களும் மனக்கணக்குப் போட்டுக்கொண்டிருப்பீர்கள். அப்படிப் போட்டதை உணரும் கணத்தில்தான் இந்த நாவல் உங்களைப் பிடிக்கிறது.

இந்த இடத்தில் என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்த நாவலை நான் படித்த விதத்தை அதுதான் தீர்மானித்தது. நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எண்பதுகளில் ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டத்தின் கீழ்க் கறவை மாட்டுக் கடன் கொடுக்கும் பொறுப்பு பல ஆண்டுகள் என்னிடம் இருந்தது. சந்தைக்குப் போய் மாட்டைப் பார்ப்போம். பல்லைப் பார்ப்போம், மடியைப் பார்ப்போம், எத்தனையாவது ஈத்து, அதாவது எத்தனையாவது கன்று, என்று கேட்போம். இரண்டாம் ஈத்து என்றால் நல்ல விலை, ஐந்தாம் ஈத்து என்றால் யோசிப்போம். காப்பீட்டுக்காகக் காதில் எண் பொறித்த வில்லையைக் குத்துவோம். மாடு மிரண்டு தலையை உதறும். பிடித்துக்கொள்ள இரண்டு பேர் இருப்பார்கள். அதில் எந்தத் தவறும் இல்லை, அது நல்ல திட்டம்தான், அந்தப் பாலில் பல குடும்பங்கள் கரையேறின.

‘ஏழாம் உலகம்’ நாவலின் தொடக்கப் பகுதியிலேயே ஒரு பிரசவம் வருகிறது. முத்தம்மை என்ற பெண், பெரும் உடற்குறையோடு பிறந்தவள், பண்டாரத்தின் உருப்படிகளுள் ஒருத்தி. அவளுக்குப் பிறக்கும் பிள்ளைகளும் குறையோடு பிறக்கின்றன என்பதால் அவளைக் கருத்தரிக்க வைப்பதே தொழிலின் ஒரு பிரிவு. அவள் ஏற்கெனவே பல முறை பெற்றவள். அந்தக் காட்சியில் பண்டாரத்தின் கண் எதைத் தேடுகிறது, எதைக் கண்டு நிம்மதி அடைகிறது என்று படித்தபோது என் கை நின்றுவிட்டது. அந்தக் கண் எனக்குத் தெரிந்த கண். மடியைத் தடவிப் பார்த்துவிட்டு ‘இது தேறும்’ என்று படிவத்தில் கையெழுத்துப் போட்ட அதே கண். கொடூரன் ஒருவனின் பார்வையாக அது எழுதப்பட்டிருந்தால் நான் தப்பித்திருப்பேன். அக்கறையுள்ள, பொறுப்பான, தன் மூலதனத்தைப் பேணுகிற ஒரு சிறு வியாபாரியின் பார்வையாக அது எழுதப்பட்டிருந்தது. அன்று அந்தப் புத்தகத்தை மூடி வைத்தவன் மூன்று நாள் கழித்துத்தான் திறந்தேன்.

பண்டாரத்தைக் கெட்டவன் என்று சொல்லி ஒதுக்க முடியாதபடி எழுதியிருப்பதுதான் இந்த நாவலின் பெரிய சாதனை. மனிதர் மகள்கள் மேல் உயிரை வைத்திருக்கிறார். அவர்களில் ஒருத்தி முகம் வாடினால் அவருக்குச் சோறு இறங்காது. கடன் வாங்கினால் திருப்பிக் கொடுக்கிறார். சாமிக்கு அஞ்சுகிறார். தம்மைவிட மேலான இடத்தில் இருப்பவர்கள் ஏமாற்றும்போது மனம் நொந்து அழுகிறார். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போகும் இடத்தில் பிள்ளை வீட்டார் நகையையும் ரொக்கத்தையும் கூட்டிக்கொண்டே போகிறார்கள். தந்தையான இவர் கூசிக் குறுகி, இன்னும் கொஞ்சம் இறங்கி வரமாட்டார்களா என்று கெஞ்சுகிறார். அந்தக் காட்சியைப் படிக்கும்போது அவர் மேல் உண்மையாகவே இரக்கம் வருகிறது. சற்று முன்புதான் அவர் ஒரு மனித உடலுக்கு விலை பேசிக்கொண்டிருந்தார் என்பது அப்போது நினைவில் இருக்காது. வரதட்சிணைத் தடுப்புச் சட்டம் வந்தது 1961இல். அந்தப் பேரம் சட்டத்துக்கு விரோதமானது என்று தெரிந்தும் அதை நாம் ‘செய்முறை’ என்ற பெயரில் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்து பேசுகிறோம். பண்டாரம் செய்யும் பேரத்தைக் கொட்டகைக்குப் பின்னால் நின்று பேசுகிறார்கள், வித்தியாசம் அவ்வளவுதான். நாவலாசிரியர் இதை எங்கும் சொல்வதில்லை. இரண்டு பேரங்களையும் ஒருவர் வாழ்க்கையில் அடுத்தடுத்து வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

‘பண்டாரம்’ என்ற சொல்லையும் கொஞ்சம் நின்று கவனியுங்கள். கருவூலம், களஞ்சியம் என்பது அதன் பழைய பொருள். துறவு பூண்டு பிச்சை ஏற்று வாழும் சைவ அடியாரையும் பண்டாரம் என்பார்கள். கோவிலுக்குப் பூக்கட்டும் சமூகத்தின் பெயரும் அதுவே. செல்வம், பிச்சை, கோவில் ஆகிய மூன்றும் ஒரே சொல்லில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அவர் உருப்படிகளைக் கொண்டுபோய் இறக்கும் பழனியில் இருப்பவனோ கோவணத்தோடு தண்டூன்றி நிற்கும் ஆண்டி. மாம்பழத்துக்காகக் கோபித்துக்கொண்டு எல்லாவற்றையும் துறந்து வந்தவன் என்று குழந்தைக்குக்கூடக் கதை தெரியும். கடவுளே ஆண்டியாக நிற்கும் மலையின் அடிவாரத்தில், மனித ஆண்டிகளை முதலாகப் போட்டு ஒருவர் வட்டி எடுக்கிறார். மலையேறிவிட்டு இறங்குபவர் புண்ணியம் தேடிக் காசு போடுகிறார். இந்தச் சங்கிலியில் பணம் போடும் கை யாருடையது? உங்களுடையதும் என்னுடையதும்தான். பண்டாரத்துக்கு வாடிக்கையாளர் நாம். கேட்டுப் பழகிய குற்றச்சாட்டுப் போலத் தோன்றலாம், ஆனால் நாவலில் அது குற்றச்சாட்டாக வருவதே இல்லை. பக்தர்கள் கதையின் ஓரத்தில் கால்களாகவும் காசு விழும் ஓசையாகவும் மட்டுமே வந்துபோகிறார்கள். தரையில் உட்கார்ந்திருப்பவன் கண்ணுக்கு நாம் அப்படித்தானே தெரிவோம்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு இது ஒரே ஒப்பாரியாக இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். ‘ஏழாம் உலகம்’ பல இடங்களில் வாய்விட்டுச் சிரிக்க வைக்கும். உருப்படிகள் தங்களுக்குள் ஓயாமல் பேசுகிறார்கள். அரசியல் பேசுகிறார்கள், சினிமா பேசுகிறார்கள், முதலாளியைக் கிண்டல் செய்கிறார்கள், கடவுளை ஒரு பிடி பிடிக்கிறார்கள். முத்தம்மைக்குப் பிறந்த குழந்தைக்கு அவர்கள் வைக்கும் பெயர் ரஜினிகாந்த். அதைப் படித்ததும் சிரித்தேன், சிரித்த உடனே அந்தச் சிரிப்பு தொண்டையில் சிக்கிக்கொண்டது. குய்யன் என்று ஒருவன் வருகிறான். முதலாளி வீட்டுக் கல்யாணச் சாப்பாட்டை நினைத்து நினைத்து ஏங்குகிறான். பந்தியில் என்னென்ன வரும் என்ற பேச்சிலேயே அவன் பாதி வயிறு நிறைந்துவிடும். அந்த ஏக்கம் மிக எளிமையானது, எந்தக் குழந்தைக்கும் இருப்பது. அதனாலேயே அது நெஞ்சில் நிற்கிறது. எருக்கு என்ற பெண்ணை ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்துவருவதற்காக அவள் கழுத்தில் ஒரு தாலி ஏற்றப்படுகிறது. பண்டாரத்துக்கு அது ஒரு வேலையை முடிப்பதற்கான உபாயம். அவளுக்கோ அது தாலி. அவள் அதை உண்மையென்றே எடுத்துக்கொள்கிறாள். ஒரே மஞ்சள் கயிறு இரண்டு பேருக்கு இரண்டு பொருள் தருவதை வைத்து ஒரு தனிச் சிறுகதையே எழுதிவிடலாம். இந்த நாவலில் அது பத்தோடு பதினொன்றாக வந்துபோகிறது.

மாங்காண்டி சாமி என்று ஒரு பாத்திரம் உண்டு. கை கால்கள் அற்றவர், யாரோடும் பேசாதவர், பாடுபவர் மட்டும். மற்ற உருப்படிகள் அவரைச் சித்தராகவே கருதுகிறார்கள். பண்டாரத்துக்கும் அவர் மேல் ஒரு பயபக்தி. அதே சமயம் அவர் நல்ல வருமானம் தரும் உருப்படி என்ற கணக்கும் உண்டு. ஞானியை வணங்குகிற மனமும் ஞானியை வாடகைக்கு விடுகிற மனமும் ஒன்றாகவே இருக்க முடியும் என்பதற்கு நம் ஊரில் தனியாகச் சான்று தேட வேண்டியதில்லை. இருந்தாலும் இந்தப் பாத்திரத்தைப் பற்றி எனக்கு ஒரு மனத்தாங்கல் இருக்கிறது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

தலைப்புக்கு வருவோம். பூமிக்குக் கீழே ஏழு உலகங்கள் இருப்பதாகப் புராணங்கள் சொல்கின்றன: அதலம், விதலம், சுதலம், தலாதலம், மகாதலம், ரசாதலம், பாதாளம். ஏழாவது பாதாளம், அதற்குக் கீழே ஒன்றுமில்லை. நாவலைப் படிக்கத் தொடங்கும்போது அந்தப் பாதாளம் உருப்படிகள் கிடக்கும் இடம் என்றே தோன்றும். பாதி கடந்தபிறகு அந்த எண்ணம் ஆட்டம் காணும். ஒருவருக்கொருவர் ஊட்டிவிடுவதும், அடுத்தவர் புண்ணைத் துடைத்துவிடுவதும், பிறந்த குழந்தையைச் சுற்றி உட்கார்ந்து மகிழ்வதும் அங்கே நடக்கின்றன. பண்டாரத்தின் வீட்டிலோ சந்தேகமும் கடனும் பொறாமையும் மண்டிக்கிடக்கின்றன.

நாவல் பேசுவது வெறும் கற்பனை உலகத்தைப் பற்றியா என்று கேட்பீர்கள். குழந்தைகளைப் பிச்சைக்காகக் கடத்துவதையும் ஊனப்படுத்துவதையும் தண்டிக்க இந்திய தண்டனைச் சட்டத்தில் 363ஏ என்று ஒரு தனிப் பிரிவே 1959ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் சேர்க்கப்பட்டது. ஊனப்படுத்தியவருக்கு ஆயுள் தண்டனை வரை விதிக்க அது இடம் கொடுத்தது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சம்ஹிதையில் அதே குற்றம் 139ஆம் பிரிவில் இருக்கிறது, ஊனப்படுத்தினால் குறைந்தது 20 ஆண்டுக் கடுங்காவல் என்று. நடக்காத ஒன்றுக்கு யாரும் சட்டம் எழுதுவதில்லை. இன்னொரு பக்கம், பிச்சை எடுப்பவரையே குற்றவாளியாகப் பார்க்கும் சட்டங்களும் நம்மிடம் உண்டு. சென்னை மாகாணத்தில் 1945இலேயே பிச்சைத் தடுப்புச் சட்டம் வந்துவிட்டது. பம்பாயின் 1959ஆம் ஆண்டுச் சட்டம் டெல்லிக்கும் பொருந்தும்படி நீட்டிக்கப்பட்டிருந்தது. 2018 ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்றம் பிச்சை எடுப்பதைக் குற்றமாக்கும் அதன் பிரிவுகளை அரசியல் சாசனத்துக்கு முரணானவை என்று நீக்கியது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நாடு முழுவதும் பிச்சை எடுத்தும் அலைந்தும் வாழ்பவர்கள் சுமார் 4.13 லட்சம் பேர் என்று எண்ணியது. அவர்களுக்குப் பின்னால் யாராவது முதலாளி இருக்கிறாரா என்று கணக்கெடுப்புப் படிவத்தில் கட்டம் கிடையாது. சட்டம் நீட்டிய கையைப் பார்க்கிறது. அந்தக் கையைக் கொண்டுவந்து வாசலில் வைத்தவரைப் பார்ப்பது அரிது. நாவல் அந்த இரண்டாமவரின் வீட்டுக்குள்ளேயே போய் எழுதப்பட்டிருக்கிறது.

இதே இருட்டுக்குள் நுழைந்த பிறமொழிப் படைப்புகள் உண்டு. விக்டர் ஹ்யூகோ 1869இல் எழுதிய ‘சிரிக்கும் மனிதன்’ நாவலில் குழந்தைகளின் முகத்தைச் சிதைத்து விற்கும் கூட்டம் வருகிறது. எகிப்தின் நகிப் மஹ்ஃபூஸ் 1947இல் வெளியிட்ட நாவல் ஒன்றில், கெய்ரோவின் ஒரு சந்தில் ஜைத்தா என்பவன் வாழ்கிறான். பிச்சை எடுக்க விரும்பி வருபவர்களுக்குக் கூலி வாங்கிக்கொண்டு ஊனம் செய்துகொடுப்பது அவன் தொழில். ஜைத்தா வாசகனுக்கு அருவருப்பைத் தருகிறான், அழுக்கும் நாற்றமுமாகவே அவன் எழுதப்பட்டிருக்கிறான். பண்டாரமோ குளித்து நீறு பூசியவர். நான் இவருக்கு நெருங்கிய உறவாகக் காண்பது ஜோனதன் ஸ்விஃப்ட் 1729இல் எழுதிய அங்கதக் கட்டுரையைத்தான்: அயர்லாந்தின் ஏழைக் குழந்தைகளைப் பணக்காரர்களின் உணவாக விற்றால் நாட்டுக்கு எவ்வளவு லாபம் என்று அமைதியாக, பொருளாதார அறிஞனின் தொனியில் கணக்குப் போட்டுக் காட்டுவது அது. கணக்கின் மொழியே கொடுமையை மறைக்கும் திரை என்பதை இருவரும் கண்டுகொண்டிருக்கிறார்கள்.

‘நான் கடவுள்’ படம் பார்த்திருப்பீர்கள். பாலா இயக்கி 2009 பிப்ரவரியில் வெளிவந்த அந்தப் படத்துக்கு வசனம் ஜெயமோகன், பிச்சைக்காரர்கள் வரும் பகுதிகள் இந்த நாவலை அடியொற்றியவை. பாலாவுக்குச் சிறந்த இயக்குநருக்கான தேசிய விருதும் கிடைத்தது. அந்த மனிதர்களைத் திரையில் நிறுத்திய துணிவு பெரியதுதான், மறுக்கவில்லை. ஆனால் படத்தைப் பார்த்துவிட்டதால் நாவலைப் படித்ததுபோல ஆகிவிடாது என்று மட்டும் அழுத்திச் சொல்வேன். படத்தில் பிச்சைக்காரர்களின் முதலாளியாக வரும் தாண்டவன் பார்த்த மாத்திரத்தில் அஞ்ச வைக்கும் அரக்கன். காசியிலிருந்து வரும் அகோரி அவனைக் கொல்கிறான், அரங்கம் கைதட்டுகிறது. தீமை ஒரு முகத்தில் குவிந்து, அந்த முகம் அழிக்கப்பட்டதும் நமக்கு விடுதலை கிடைத்துவிடுகிறது. நாவல் இந்த விடுதலையைத் தர மறுக்கிறது. அங்கே தாண்டவன் இல்லை, அகோரியும் வரமாட்டான். மகள் கல்யாணத்துக்குப் பணம் புரட்டும் ஒரு தகப்பன் மட்டுமே இருக்கிறார். அவரை யார் வந்து என்ன செய்துவிட முடியும்? அவரைக் கொன்றால் நாளைக்கே வேறொருவர் அந்த வண்டியை ஓட்டுவார்.

இப்போது மாற்றுக் கருத்துகளுக்கு வருகிறேன், ஏனென்றால் பரிந்துரைப்பவன் குறையை மறைத்தால் அது தரகு வேலையாகிவிடும். மாற்றுத்திறனாளிகளின் உடலை இவ்வளவு நெருக்கத்தில், இவ்வளவு விவரமாகக் காட்டுவதே ஒருவகையில் காட்சிப்பொருளாக்குவதுதான், பண்டாரம் கோவில் வாசலில் செய்வதை நாவலாசிரியர் புத்தகப் பக்கங்களில் செய்கிறார் என்று எங்கள் வாசகர் வட்டத்தில் ஓர் அம்மையார் சொன்னார். அவருடைய மகன் சக்கர நாற்காலியில் வாழ்பவன். அந்தக் கேள்வியைத் தள்ளிவிட என்னால் முடியவில்லை. அவரிடம் நான் சொல்ல முடிந்தது ஒன்றுதான்: கோவில் வாசலில் உருப்படி பேசுவதில்லை, இந்த நாவலில் அவர்கள் பேசிக்கொண்டே இருக்கிறார்கள், அந்தப் பேச்சில் இருக்கும் அறிவும் நக்கலும் பண்டாரத்துக்கு வாய்க்காதவை. அவர் அதை ஏற்றுக்கொண்டாரா என்று தெரியாது, தலையை ஆட்டிவிட்டு வேறு பேச்சுக்குப் போனார். என்னுடைய மனத்தாங்கல் மாங்காண்டி சாமியைப் பற்றியது. துன்பத்தின் அடியாழத்தில் ஒரு ஞானியை வைத்துவிட்டால், அந்தத் துன்பத்துக்கே ஏதோ ஓர் ஆன்மிக அர்த்தம் இருப்பதுபோன்ற மயக்கம் வந்துவிடுகிறது. சாமி பாடும் இடங்களில் மொழி உயர்ந்து எழுகிறது, படிக்கச் சுகமாகவும் இருக்கிறது. அந்தச் சுகத்தைத்தான் நான் நம்பவில்லை. முத்தம்மைக்கு அப்படி எந்த ஒளிவட்டமும் கிடையாது. நாவலின் உண்மையான பாரத்தை அவளே சுமக்கிறாள்.

நீங்கள் ‘சமூகச் செய்தி’ என்ற சொல்லைப் பயன்படுத்தியிருந்தீர்கள். செய்தியை எதிர்பார்த்து இந்த நாவலுக்குப் போனால் ஏமாற்றமாக இருக்கும், யாரும் எழுந்து நின்று எதையும் சொல்லமாட்டார்கள். பிச்சைக்காரர் மறுவாழ்வு பற்றியோ, ஒழிப்பு பற்றியோ ஒரு வரி கிடையாது. அதற்குப் பதிலாக வேறொன்று நிகழும். படித்து முடித்த சில நாட்களில், வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்தில் ‘ஹெட் கவுண்ட்’ என்று ஒருவர் சொல்வதோ, ஆஸ்பத்திரியில் நோயாளியைப் படுக்கை எண்ணால் அழைப்பதோ, கல்யாணச் சந்தையில் பெண்ணின் நிறத்தைப் பற்றிப் பேசுவதோ காதில் வேறு மாதிரி விழத் தொடங்கும். எனக்கு அப்படித்தான் ஆயிற்று.

படிக்கும் முறை பற்றிச் சில வார்த்தைகள். உரையாடல்கள் முழுக்கக் குமரி மாவட்டப் பேச்சில் இருக்கின்றன. மலையாளம் கலந்த அந்தத் தமிழில் தள்ளை என்றால் தாய், வெள்ளம் என்றால் தண்ணீர், கொள்ளாம் என்றால் நன்றாயிருக்கிறது. ஓய், வே, லே என்று விளிகள் தெறித்துக்கொண்டிருக்கும். தஞ்சாவூர்க்காரனான எனக்கு முதல் முப்பது பக்கம் கல்லில் நடப்பதுபோல இருந்தது. ஒரு யோசனை சொல்கிறேன்: புரியாத சொல்லில் நின்று பொருள் தேடாமல், வாய்விட்டுப் படியுங்கள். காது பிடித்துக்கொண்டுவிடும், அதன்பிறகு கண் தானாக ஓடும். வீட்டில் சிறு பிள்ளைகள் இல்லாத நேரமாகப் பார்த்து வாய்விட்டுப் படிப்பது நல்லது, வசைச் சொற்களுக்குப் பஞ்சமில்லை.

பாலியல் வன்முறை, குழந்தைகளுக்கு இழைக்கப்படும் கொடுமை, உடலை ஒரு பண்டமாகக் கையாளுவது ஆகியவை நேரடியாக வருகின்றன. பிரசவம் நெருங்கியிருக்கும் பெண்களுக்கும், அண்மையில் குழந்தையை இழந்தவர்களுக்கும் இந்த நாவலை நான் கொடுப்பதில்லை. காலம் கழித்துப் படித்துக்கொள்ளலாம், புத்தகம் எங்கும் போய்விடாது. இவ்வளவு இருட்டு உங்களுக்குத் தாங்குமா என்று ஐயம் இருந்தால், முதலில் ஜி. நாகராஜன் 1974இல் வெளியிட்ட ‘நாளை மற்றுமொரு நாளே’ என்ற சிறிய நாவலைப் படித்துப் பாருங்கள். கந்தன் என்ற ஒருவனின் வாழ்க்கையில் ஒரே ஒரு நாள், அவ்வளவுதான். விபச்சாரத் தரகும் திருட்டுச் சாராயமும் அன்றாடமாக இருக்கும் உலகத்தை எந்தத் தீர்ப்பும் சொல்லாமல் வறண்ட சிரிப்போடு காட்டியிருப்பார். அதைப் படித்துவிட்டு இன்னும் உள்ளே போகலாம் என்று தோன்றினால் ‘ஏழாம் உலகம்’ காத்திருக்கிறது. தமிழ் படிக்கத் தெரியாத நண்பர்களோ வெளியூரில் வளர்ந்த பிள்ளைகளோ உங்களோடு சேர்ந்து படிக்க விரும்பினால், சுசித்ரா ராமச்சந்திரனின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2023இல் ‘தி அபிஸ்’ என்ற பெயரில் வந்திருக்கிறது.

முடிவைப் பற்றி நான் வாய் திறக்கப் போவதில்லை. கடைசிப் பக்கத்தின் அடி முழுமையாக விழ வேண்டுமென்றால், வெகு முன்பே போகிற போக்கில் சொல்லப்பட்ட ஒரு சிறு உடல் விவரம் உங்கள் நினைவில் இருந்தாக வேண்டும். வேகமாகப் புரட்டியவர்கள் அதைத் தவறவிட்டுவிட்டு, கடைசிப் பக்கத்தில் முத்தம்மை ஏன் அப்படிக் கதறுகிறாள் என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ஆகையால் அவள் தன் பிள்ளைகளைப் பற்றிப் பேசும் இடங்களில் மட்டுமாவது மெதுவாகப் படியுங்கள்.